சேர்வரை நிறுத்தினால் மெயில் தொலையாது: மெயில் சேர்வர் அப்கிரேட் செய்யப் போகிறவர்களுக்கு

மெயில் சேர்வரின் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றப் போகிறோம் என்று சொன்னவுடன் எந்த அலுவலகத்திலும் முதலில் வரும் கேள்வி, எவ்வளவு நேரம் நிற்கும் என்பதுதான். சம்மாந்துறையில் நான் மெயில் பார்த்துக் கொடுக்கும் அரிசி ஆலை ஒன்றின் முதலாளி நேரடியாகவே கேட்டார்: "தம்பி, கொழும்பு ஓடர் எல்லாம் மெயிலிலதான் வருது, அது வராட்டி லொறி நிக்குமே." அவருடைய பயம் நியாயமானது. ஆனால் பயப்பட வேண்டிய இடம் அது இல்லை. இதைப் புரிந்துகொண்டால் மீதி வேலையை நிதானமாகச் செய்யலாம், அதனால் இங்கிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் சேர்வர் முழுதாக நின்று போயிருந்தால், அனுப்புகிற பக்கத்துச் சேர்வர் அந்த மெயிலைத் தன் வரிசையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கும். 2008இல் வந்த ஆர்எஃப்சி 5321 என்ற விதிமுறை, கைவிடுவதற்கு முன் குறைந்தது 4 முதல் 5 நாளாவது முயலச் சொல்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சேர்வர் மென்பொருள் இயல்பாகவே 5 நாள் வைத்திருக்கும், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் சேர்வர் 2 நாள் வைத்திருக்கும். ஆகவே 3 மணி நேரம் நிறுத்தினால் எந்த மெயிலும் தொலையாது, தாமதமாக வரும், அவ்வளவுதான். எழும்பி நின்றுகொண்டு தவறாகப் பதில் சொல்கிற சேர்வர்தான் ஆபத்து. நான்கில் தொடங்கும் எண்ணைச் சொன்னால் "பிறகு வா" என்று அர்த்தம், அனுப்புகிறவர் காத்திருப்பார். ஐந்தில் தொடங்கும் எண்ணைச் சொன்னால் "இனி வராதே" என்று அர்த்தம், மெயில் அந்த நொடியே எழுதியவருக்குத் திரும்பிப் போய்விடும், உங்கள் பக்கத்தில் அதை மீட்க வழியே இல்லை.

இது எனக்குப் பாடமானது பாசிக்குடாப் பக்கம் ஒரு ஹோட்டலில். புதிய சேர்வரில் எல்லாம் போட்டு முடித்து, மெயில்பெட்டிகளின் பட்டியலை மட்டும் 3 மாதம் பழைய பேக்கப்பிலிருந்து எடுத்து வைத்துவிட்டேன். இடையில் முன்பதிவுக்கென்று அவர்கள் தொடங்கிய புதிய முகவரி அந்தப் பட்டியலில் இல்லை. சேர்வர் அழகாக ஓடியது, என் சோதனை மெயில்கள் போய் வந்தன, நான் தேநீர் குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து லொக்கை, அதாவது சேர்வர் தன் வேலையை எழுதி வைக்கும் பதிவேட்டைத் திறந்தால் "550, அப்படி ஒருவர் இல்லை" என்று வரிசையாக நிற்கிறது. 40 நிமிடம். அதற்குள் எழுதியவர்கள் எல்லோருக்கும் அந்த ஹோட்டலில் முன்பதிவுக்கு ஆளே இல்லை என்று பதில் போய்விட்டது. லொக்கில் இருந்த முகவரிகளை ஒவ்வொன்றாக எடுத்து மன்னிப்புக் கேட்டு எழுதினோம். அன்றைக்கு சேர்வரை 4 மணி நேரம் நிறுத்தி வைத்து, பட்டியலைச் சரிபார்த்த பிறகு திறந்திருந்தால் ஒரு வாடிக்கையாளருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

சரி, ஏன் மாற்ற வேண்டும், ஓடுகிறதை ஓடவிடலாமே என்பவர்களுக்குச் சுருக்கமாக. சென்டொஸ் 7 என்ற லினக்ஸ் பதிப்புக்கு 2024 ஜூன் 30ஆம் திகதியோடு ஆதரவு முடிந்துவிட்டது, அதில் இருப்பது போஸ்ட்ஃபிக்ஸ் 2.10. எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 இரண்டுக்கும் 2025 ஒக்டோபர் 14 கடைசி நாள். 2019 ஜூனில் எக்ஸிம் என்ற இன்னொரு மெயில் சேர்வர் மென்பொருளில் வெளியான ஓட்டை (4.87 முதல் 4.91 வரையான பதிப்புகளில்) வெளியிலிருந்து வருகிறவன் உங்கள் சேர்வரில் தன் கட்டளையை ஓட்டும் அளவுக்குப் பெரியது. 2023 டிசம்பரில் எஸ்எம்டிபி (சேர்வர்கள் மெயில் பரிமாறும் முறை) ஸ்மக்லிங் வந்தது, ஒரு மெயிலுக்குள் இன்னொரு மெயிலை ஒளித்துக் கடத்தும் வித்தை அது. போஸ்ட்ஃபிக்ஸ் 3.9இல் அதற்கான தடை இயல்பாகவே போடப்பட்டிருக்கிறது. மெயில் சேர்வர் என்பது ஊர் உலகம் முழுவதும் தட்டக்கூடிய கதவு, பழைய பூட்டோடு அதை விட்டு வைக்கக் கூடாது.

முதலில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்

கணினியைத் தொடுவதற்கு முன் ஒரு கொப்பியை எடுங்கள். உண்மையான கொப்பிதான், ஏனென்றால் சேர்வர் விழுந்து கிடக்கும்போது அதே சேர்வரில் இருக்கும் குறிப்பு உதவாது. போஸ்ட்ஃபிக்ஸ் என்றால் போஸ்ட்கான்ஃப் கட்டளையை மைனஸ் என் சேர்த்து ஓட்டினால், முன்னே இருந்தவர்கள் இயல்பிலிருந்து மாற்றி வைத்த அமைப்புகள் மட்டும் வரும். அதை அச்சடித்து ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இது ஏன் இருக்கிறது என்று எழுதுங்கள். தெரியாத வரி வந்தால் விடாதீர்கள், ஆளைப் பிடித்துக் கேளுங்கள். உதாரணத்துக்கு ஒரு மெயிலின் உச்ச அளவு: போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு ஏறத்தாழ 10 எம்பி. யாரோ எப்போதோ அதை 30 என்று கூட்டி வைத்திருப்பார், புதியதில் அந்த வரி விடுபட்டால் ஸ்கேன் செய்த ஒப்பந்தப் பத்திரங்கள் எல்லாம் 5இல் தொடங்கும் எண்ணோடு திரும்பிப் போகும்.

அப்புறம், மெயில் சேர்வர் என்று நாம் ஒரு பெயரில் சொன்னாலும் உள்ளே குறைந்தது நான்கைந்து மென்பொருள் இருக்கும். அனுப்பிப் பெறும் போஸ்ட்ஃபிக்ஸ் அல்லது எக்ஸிம், பெட்டியைத் திறந்து காட்டும் டவ்கொட், குப்பையைப் பிரிக்கும் ஆர்ஸ்பாம்டி அல்லது ஸ்பாம்அசாசின், வெப்மெயில், பயனர்களின் தரவுத்தளம். இவற்றோடு வெளியே போகும் மெயிலில் கையெழுத்திடும் டிகேஐஎம் தனிச்சாவி, சான்றிதழ்கள், அவற்றைத் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் கணக்கு, மெயிலைத் தானாகப் பிரிக்கும் பயனர்களின் சீவ் விதிகள், குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரொன் வேலைகள், ஃபயர்வால் விதிகள், உங்கள் டொமைன் பெயருக்கான டிஎன்எஸ் பதிவுகளின் பிரதி. டிகேஐஎம் சாவியை மறந்து புதிதாக உருவாக்கிவிட்டு டிஎன்எஸ்ஸை மாற்றாமல் விட்டால் உங்கள் மெயில்கள் எல்லாம் கையெழுத்துப் பொருந்தாமல் போகும், ஜிமெயில் போன்ற இடங்களில் குப்பைப் பெட்டிக்குப் போகலாம்.

பேக்கப் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேறொரு கணினியில் அதைத் திறந்து, ஒரு பெட்டியில் இருக்கும் ஒரு மெயிலை வாசித்துப் பாருங்கள். அதோடு அந்தப் பேக்கப்பின் திகதியையும் பாருங்கள். என் ஹோட்டல் கதையில் தவறியது அந்தத் திகதிதான்.

எந்தப் பதிப்புக்குப் போகிறீர்கள்

இதில் இப்போது கவனிக்க வேண்டியது டவ்கொட். 2.3இலிருந்து 2.4க்குப் போவது எண்ணில் சிறிய படி போலத் தெரியும், உண்மையில் அமைப்புக் கோப்பை முழுதாகத் திரும்ப எழுத வேண்டிய வேலை. லினக்ஸ் பதிப்புகளில், 2025இல் வந்த டெபியன் 13இல் இருப்பது 2.4, உபுண்டு 24.04இல் இன்னும் 2.3. ஆகவே டெபியன் 12 சேர்வரில் சாதாரண அப்கிரேட் என்று நினைத்துக் கட்டளையைத் தட்டினால், பழைய கோப்போடு டவ்கொட் எழும்பவே எழும்பாது. 2.4இல் கோப்பின் தொடக்கத்திலேயே இது எந்தப் பதிப்புக்கான அமைப்பு என்று எழுத வேண்டும். மெயில் எங்கே இருக்கிறது என்று ஒரே வரியில் சொன்னது போய், வகை ஒரு வரி, பாதை ஒரு வரி என்று பிரிந்துவிட்டது. சான்றிதழ் வரியின் பெயர் மாறிவிட்டது. சதவீதக் குறிக்குப் பின் ஒற்றை எழுத்துப் போட்டுப் பயனர் பெயரைச் சொல்லும் பழைய முறை இல்லை, நெளிவு அடைப்புக்குள் முழுச் சொல்லாக எழுத வேண்டும். இரண்டு சேர்வர்கள் ஒன்றையொன்று பார்த்து நகல் எடுக்கும் ரெப்ளிகேஷன் வசதி 2.4இல் நீக்கப்பட்டுவிட்டது, அதை நம்பி இருப்பவர்கள் மாற்று வழி கிடைக்கும் வரை 2.3இலேயே இருப்பது நல்லது என்பது என் கருத்து.

போஸ்ட்ஃபிக்ஸ் இந்த விஷயத்தில் மிகவும் பொறுப்பானது. 2.10 போன்ற பழையதிலிருந்து 3க்கு மேல் வரும்போது, பழைய இயல்புகளையே பிடித்துக்கொண்டு, எந்த இடத்தில் அப்படிச் செய்கிறேன் என்று லொக்கில் ஒவ்வொன்றாக எழுதும். ஆகவே எந்தப் பதிப்பின் இயல்புகளைப் பின்பற்றுவது என்று சொல்லும் பொருந்துநிலை எண்ணை உடனே உயர்த்த வேண்டாம். ஒரு வாரம் ஓடவிட்டு, லொக்கில் வரும் எச்சரிக்கைகளைப் பார்த்து, வேண்டியதை அமைப்பில் வெளிப்படையாக எழுதிய பிறகு உயர்த்துங்கள். ரெட் ஹாட் லினக்ஸ் வழியில் 10ஆம் பதிப்புக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: அதில் முகவரிப் பட்டியல்களைச் சேமிக்கப் பயன்பட்ட பெர்க்லி டிபி இல்லை, ஹாஷ் என்று எழுதியிருக்கும் பட்டியல்களை எல்எம்டிபி வகைக்கு மாற்றி போஸ்ட்மேப் கட்டளையால் திரும்பக் கட்ட வேண்டும். எக்ஸ்சேஞ்ச்காரர்களுக்கு, 2019 இருந்தால் அதே இடத்திலேயே அடுத்த பதிப்பான சப்ஸ்கிரிப்ஷன் எடிஷனுக்கு ஏறலாம், 2016 என்றால் புதிய சேர்வர் போட்டுப் பெட்டிகளை நகர்த்த வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலேயே அப்கிரேட் செய்வதா, பக்கத்தில் புதியது கட்டி மாறுவதா என்று கேட்டால், நான் எப்போதும் புதியதுதான். கெட்டால் பழையதைத் திரும்ப எழுப்பலாம் என்ற ஒரே காரணம் போதும்.

பழைய போன்களும் ஸ்கேன் மெஷினும்

சேர்வர் புதிதானாலும் அதோடு பேசுகிற கருவிகள் பழையவை. தொடர்பைப் பூட்டிப் பாதுகாக்கும் டிஎல்எஸ் முறையின் 1.0, 1.1 பதிப்புகள் இரண்டும் 2021 மார்ச்சில் அதிகாரபூர்வமாகக் கைவிடப்பட்டன, புதிய லினக்ஸில் அவை இயல்பாக வேலை செய்வதில்லை. கணக்குப் பிரிவில் விண்டோஸ் 7 இன்னும் இருந்தால் அதில் அவுட்லுக் தொடர்பு கொள்ளாமல் நிற்கலாம், ஏனென்றால் அதில் டிஎல்எஸ் 1.2 தானாக இயங்காது. எல்லாவற்றையும் விட அதிகம் மறக்கப்படுவது, ஸ்கேன் எடுத்து நேராக மெயிலில் அனுப்பும் போட்டோகொப்பி மெஷின். கல்முனையில் ஓர் அலுவலகத்தில் சேர்வர் மாற்றிய மறுநாள் காலையில் வந்த முதல் தொலைபேசி அழைப்பே அந்த மெஷினைப் பற்றியதுதான்.

இதை முன்கூட்டியே அறிய வழி உண்டு. மாற்றுவதற்கு இரண்டு வாரம் முன்பே, பழைய போஸ்ட்ஃபிக்ஸில் டிஎல்எஸ் லொக் அளவை 1 ஆக்குங்கள், டவ்கொட்டின் லொகின் வரியிலும் டிஎல்எஸ் விவரம் வரும்படி செய்யுங்கள். பிறகு லொக்கில் பழைய டிஎல்எஸ் தொடர்புகளைத் தேடினால் (1.0 பதிப்பு அங்கே TLSv1 என்று மட்டும் பதிவாகும்), எந்த முகவரியிலிருந்து யார் பழையதில் வருகிறார்கள் என்று பட்டியலே கிடைக்கும். அவர்களைத் தேடிப் போய் மாற்றிக் கொடுங்கள். மாற்றவே முடியாத மெஷினுக்கு, அலுவலகத்தின் உள்வலையில் மட்டும் கேட்கும் தனிப் போர்ட் ஒன்றைத் திறந்து அந்த மெஷினின் ஐபிக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். ஒரு மெஷினுக்காக முழுச் சேர்வரின் பாதுகாப்பையும் தளர்த்துவது மட்டும் வேண்டாம், தயவுசெய்து.

நாள் பார்ப்பது

ஞாயிறு இரவு எல்லோருக்கும் பிடித்த நேரம், எனக்குப் பிடிக்காத நேரம். ஏதாவது மிச்சம் இருந்தால் திங்கள் காலை முழு அலுவலகமும் தலையில் வந்து விழும். போயா விடுமுறை வார நடுவில் வந்தால் அதற்கு முந்திய நாள் மாலை மிக நல்லது. பெரும்போக அறுவடை நேரத்தில் அரிசி ஆலைகளின் சேர்வரைத் தொடாதீர்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழையில் கரண்டும் லைனும் நம்பும்படி இருக்காது, அந்தக் காலத்தில் இந்த வேலையை வைக்காமல் இருந்தால் நிம்மதி. எந்த நாளானாலும், தொலைவிலிருந்து செய்கிறீர்கள் என்றால் ஸ்கிரீன் அல்லது டிமக்ஸ் என்ற கருவியின் உள்ளே இருந்து செய்யுங்கள். லைன் அறுந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் வேலை அறுந்து போகாது.

ஐபி மாறப் போகிறது என்றால் டிஎன்எஸ்ஸில் டிடிஎல் அளவை (பழைய பதிவை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்பதை) இரண்டு நாள் முன்பே 300 வினாடிக்குக் குறைத்து வையுங்கள். முடிந்தால் ஐபியை மாற்றவே வேண்டாம். பழைய ஐபிக்கு இத்தனை வருடத்தில் ஒரு நல்ல பெயர் சேர்ந்திருக்கும், புதிய ஐபி ஊருக்குப் புதிதாக வந்த ஆள் மாதிரி, கொஞ்ச நாள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். ஐபியிலிருந்து பெயரைச் சொல்லும் ரிவர்ஸ் டிஎன்எஸ் உங்கள் கையில் இல்லை, லைன் கொடுக்கிற நிறுவனம்தான் போட்டுத் தர வேண்டும், அதற்கு நாட்கள் பிடிக்கலாம், முன்பே எழுதிக் கேளுங்கள்.

ஒத்திகை

புதிய சேர்வரைக் கட்டி, பெட்டிகளின் நகலைப் போட்டு ஒருமுறை முழுதாக ஓட்டிப் பாருங்கள். ஆனால் ஒத்திகைச் சேர்வர் வெளியே மெயில் அனுப்பக் கூடாது. போஸ்ட்ஃபிக்ஸில் டிஃபர் டிரான்ஸ்போர்ட்ஸ் என்ற அமைப்பில் எஸ்எம்டிபியைச் சேர்த்துவிட்டால் வெளியே போக வேண்டியது எல்லாம் வரிசையிலேயே நிற்கும், கூடவே 25ஆம் போர்ட்டை வெளிப்பக்கமாக அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் விடுமுறைத் தானியங்கிப் பதில்கள் வாடிக்கையாளர்களுக்கு இரண்டு தடவை போகும்.

பெட்டிகளை நகர்த்துவதில்தான் நிறையப் பேர் அடிபடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாக. மெயில்டிர் முறையில் ஒவ்வொரு மெயிலும் ஒரு கோப்பு, வாசித்துவிட்டால் கோப்பின் பெயரே மாறும். திங்கள் ஒரு நகல் எடுத்தீர்கள், செவ்வாய் அந்த மெயிலை ஒருவர் வாசித்தார், புதன் மறுபடி நகல் எடுக்கும் ஆர்சிங்க் கட்டளையை ஓட்டினீர்கள். இப்போது பழைய பெயரில் ஒன்று, புதிய பெயரில் ஒன்று என்று ஒரே மெயில் இரண்டாகிவிடும். ஆகவே ஒவ்வொரு தடவையும் டிலீட் சேர்த்து ஓட்ட வேண்டும். மெயில்களின் எண்களை வைத்திருக்கும் டவ்கொட் யுஐடி பட்டியல் கோப்பையும் விட்டுவிடக் கூடாது. அது போனால் ஒவ்வொரு மெயிலுக்கும் புதிய எண் விழும், போன்களும் அவுட்லுக்கும் முழுப் பெட்டியையும் திரும்ப இறக்கும். மெயிலைத் தங்கள் கருவிக்கு இறக்கிக்கொள்ளும் பாப்3 முறையைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது இன்னும் மோசம்: ஒவ்வொரு மெயிலுக்கும் சேர்வர் சொல்லும் அடையாளமான யுஐடிஎல்லின் வடிவம் ஓர் எழுத்து மாறினாலும் ஆயிரக்கணக்கான பழைய மெயில்கள் புதிது போல வந்து குவியும். களுவாஞ்சிக்குடியிலோ பொத்துவிலிலோ போன் டேட்டாவில் மெயில் பார்க்கிற ஒருவருக்கு அது ஒரே நாளில் டேட்டா முழுவதையும் தின்றுவிடும். ஒரு சோதனைப் போனில் பழைய சேர்வரில் கணக்கு வைத்து, பிறகு புதியதுக்குத் திருப்பிப் பாருங்கள். மறுபடி இறக்கத் தொடங்கினால் அந்த இடத்திலேயே நிறுத்திக் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்.

மாற்றும் இரவு

ஒரு வாரமாகவே தினமும் நகல் ஓடிக்கொண்டிருக்கட்டும், அப்போது கடைசி நகலுக்குச் சில நிமிடங்கள்தான் ஆகும். நேரம் வந்ததும் ஃபயர்வாலில் உள்ளே வருகிற பக்கத்தில் மெயில் போர்ட்டுகளான 25, 465, 587, 993, 995, இன்னும் திறந்திருந்தால் 110, 143, வெப்மெயில் எல்லாவற்றையும் அடையுங்கள். பழைய சேர்வரின் வெளிச்செல்லும் வரிசை காலியாகட்டும், மிச்சம் இருந்தால் அது பழையதிலிருந்தே போய் முடியட்டும், வரிசைக் கோப்புகளைப் புதியதுக்குத் தூக்கிப் போடாதீர்கள். மாற்று எம்எக்ஸ் (உங்களுக்காக மெயில் வாங்கி வைக்கும் இரண்டாவது சேர்வர்) ஒன்று வைத்திருந்தால் அதையும் இந்த நேரத்தில் அடைத்துவிடுங்கள். பிறகு பழையதை நிறுத்துங்கள், கடைசி நகல், கடைசிப் பயனர் பட்டியல். அந்தப் பட்டியலில் எத்தனை முகவரி என்று பழையதிலும் புதியதிலும் எண்ணிப் பாருங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்கும் வரை அடுத்த படி இல்லை.

புதிய போஸ்ட்ஃபிக்ஸை எழுப்பும் முன் சாஃப்ட் பவுன்ஸ் என்ற அமைப்பை யெஸ் என்று வையுங்கள். இதுதான் என்னைப் பல இரவுகளில் நிம்மதியாக வைத்திருக்கிற ஒற்றை வரி. இது இருந்தால் சேர்வர் 5இல் தொடங்கும் மறுப்பு எதையும் சொல்லாது, எல்லாம் 4ஆக மாறும். பட்டியலில் ஒருவர் விடுபட்டிருந்தாலும் அவருக்கு வந்த மெயில் அனுப்பியவரிடம் காத்திருக்கும், நீங்கள் திருத்தியதும் வந்து சேரும்.

இப்போது உங்கள் ஐபிக்கு மட்டும் கதவைத் திறந்து சோதியுங்கள். உள்ளே ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு, வெளியே ஜிமெயிலுக்கு. ஜிமெயிலில் மெயிலின் மூலத்தைத் திறந்து அனுப்பியவர் உண்மையானவரா என்று பார்க்கும் சோதனைகளான எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் பாஸ் என்று இருக்கிறதா பாருங்கள். தமிழில் தலைப்பு எழுதி, தமிழ்ப் பெயருள்ள கோப்பை இணைத்து அனுப்பிப் பாருங்கள். பெரிய இணைப்பு ஒன்று. தவறான பாஸ்வேர்ட் ஒன்று, அது உள்ளே விடக் கூடாது. உள்நுழையாமல் வெளியாருக்கு அனுப்ப முயன்று பாருங்கள், அதுவும் மறுக்க வேண்டும். இதுவரை எது கெட்டாலும் புதியதை அணைத்துப் பழையதை எழுப்பிவிடலாம், ஒன்றும் இழப்பில்லை. 25ஐ ஊருக்குத் திறந்த நொடியிலிருந்து புதிய மெயில்கள் புதிய சேர்வரில் விழும், அதற்குப் பிறகு பின்வாங்கினால் அந்த மெயில்களையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஆகவே முடிவெடுக்கும் இடம் இதுதான். அந்தக் கதவைத் திறக்கும் முன் எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வந்து, கொப்பியை ஒருமுறை முழுதாக வாசியுங்கள்.

திறந்ததும் லொக்கை ஓடவிட்டு அதன் முன்னாலேயே இருங்கள். தேநீருக்குப் போகாதீர்கள். ரிஜெக்ட் என்ற சொல்லைத் தேடி, அதில் உண்மையான முகவரி எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். மறுநாள் அலுவலக நேரம் முழுதும் ஓடிய பிறகு சாஃப்ட் பவுன்ஸை எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் வைத்திருந்தால் முகவரியைப் பிழையாக எழுதியவர்களுக்கு உண்மை தெரியாமல் போகும், குப்பை அனுப்புகிறவர்களும் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருப்பார்கள்.

ஆயிரக்கணக்கான பெட்டிகள் உள்ள இணைய சேவை நிறுவனம் என்றால் ஒரே இரவில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். முன்னால் ஒரு டவ்கொட் புரொக்ஸியை (வருகிறவரை உரிய சேர்வருக்குத் திருப்பிவிடும் இடைநிலைச் சேர்வரை) வைத்தால், தரவுத்தளத்தில் ஒவ்வொரு பயனருக்கும் எந்தச் சேர்வர் என்று எழுதிவிடலாம், வாடிக்கையாளரின் போனில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. முதலில் உங்கள் ஊழியர்களின் பெட்டிகள், பிறகு நூறு, பிறகு ஆயிரம் என்று போங்கள். தொலைபேசி எடுக்கிற பிள்ளைகளிடம் முன்பே ஒரு தாள் கொடுத்து வையுங்கள், என்ன மாறுகிறது, என்ன கேட்க வேண்டும், யாரிடம் கொடுக்க வேண்டும் என்று. பாஸ்வேர்டைத் தொலைபேசியில் கேட்கக் கூடாது என்பதை அதில் பெரிய எழுத்தில் எழுதுங்கள், இந்த மாதிரி நேரத்தில்தான் ஏமாற்றுகிறவர்களும் "சேர்வர் மாறுகிறது" என்று மெயில் அனுப்புவார்கள்.

பழைய சேர்வரை உடனே அழிக்க வேண்டாம். நெட்வேர்க் கேபிளைக் கழற்றி அணைத்து, நிறுத்திய திகதியையும் நேரத்தையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி மேலே ஒட்டி, ஒரு மாதம் அப்படியே வையுங்கள். யாராவது வந்து என்னுடைய பழைய ஃபோல்டர் ஒன்று காணவில்லை என்று கேட்டால், எங்கே தேட வேண்டும் என்று தெரிந்திருக்கும்.